காற்றெழுமுன் காக்க வேண்டிய அறம்

திருவிளையாடற் புராணத்திலே மண் சுமந்த படலத்தை அறியாத சைவர் இலர். வைகை பெருக்கெடுத்துக் கரையை உடைத்தபோது, வீட்டுக்கு ஓராள் வந்து கரையடைக்க வேண்டுமெனப் பாண்டியன் ஆணையிட்டான். ஆபத்து எல்லோருக்கும் பொது. ஆகவே வேலையும் எல்லோருக்கும் பொது என்பதே அவ்வாணையின் கருத்து. ஊர்க் கணக்கின்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு கரை அளந்து விடப்பட்டது. பிட்டு விற்றுச் சீவித்த வந்தி என்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை, உற்றார் இல்லை, மண் சுமக்க உடம்பிலே வலுவும் இல்லை. கணக்கெழுதியவர்கள் வீடுகளை எண்ணினார்களேயன்றி, வீட்டுக்குள் இருப்பவர் எத்தகையவர் என்பதை எண்ணவில்லை. அந்தக் குறையை நிரப்புவதற்காகவே இறைவன் கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டை உண்டு மண் சுமந்தான் என்று புராணம் கூறுகின்றது.

இக்கதையைக் கேட்கும்போது அடியார்களின் உள்ளம் உருகுகின்றது. ஆனால் உருகுவதோடு நின்றுவிடாமல் ஒரு கேள்வியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இறைவன் வந்திருக்காவிட்டால் வந்தியின் கதி என்ன? இன்று வெள்ளமோ சூறாவளியோ வரும்போது இக்கிராமத்து வந்திகளுக்காக மண் சுமக்க வருபவர் யார்?

காற்றின் முன் யாவரும் சமமா?

கிழக்குக் கரையிலே வாழ்பவர்களுக்குச் சூறாவளியைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ணால் கண்டவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை அது பலிகொண்டது. கூரைகள் பறந்தன, தென்னந்தோட்டங்கள் அழிந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடலே எழுந்து வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா என்னும் சூறாவளி இலங்கையைக் கடந்து, வெள்ளத்தாலும் மலையகத்து மண்சரிவுகளாலும் அறுநூறுக்கும் மேற்பட்டோரை மாய்த்தது.

‘காற்றுக்குப் பணக்காரன், ஏழை என்ற பேதம் இல்லை’ என்று சொல்வதுண்டு. காற்றுக்குப் பேதமில்லை என்பது உண்மையே. ஆனால் காற்றிலிருந்து தப்பும் ஆற்றலிலே பெரும் பேதம் உண்டு. ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தால் காது கேளாதவருக்கு அது எட்டாது. பாதையில் மரம் விழுந்து கிடப்பது கண் தெரியாதவருக்குத் தெரியாது. படுக்கையிலே கிடப்பவருக்குக் காதும் கேட்கும், கண்ணும் தெரியும். எழுந்து ஓடத்தான் முடியாது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது தென்னிலங்கைக் கரையிலிருந்த வலுவிழந்தோர் இல்லம் ஒன்றில் தங்கியிருந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டமை இதற்குச் சான்றாகும்.

இவர்கள் அனைவரிலும் இக்கட்டான நிலையில் இருப்பவர்கள் நினைவு தவறிய முதியவர்கள். முன்னோர் இதனை ‘அறளை பெயர்தல்’ என்றார்கள். இன்று வைத்தியர்கள் மறதிநோய், டிமென்ஷியா என்று கூறுகின்றனர். இது வயதின் இயல்பு அன்று, மூளையைப் பற்றும் நோய் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. இந்நோயாளருக்கு எச்சரிக்கை செவியிலே விழும். பொருள் மனதிலே பதியாது. ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்னது மறந்துபோகும். பழகிய வீடு, பழகிய கட்டில், பழகிய முகம் ஆகியவையே அவர்களுக்கு எஞ்சியிருக்கும் உலகம். பொழுது படும் நேரத்திலே குழப்பமும் பதற்றமும் பலருக்கு அதிகரிக்கும். சூறாவளியோ வீட்டைப் பறிக்கின்றது, வெளிச்சத்தை அணைக்கின்றது, அயலவரைச் சிதறடிக்கின்றது. நோய் மிச்சம் வைத்ததையும் காற்று கொண்டுபோகின்றது எனலாம்.

போவதா, இருப்பதா?

இத்தகையவரைப் பராமரிப்பவரின் முன் எழும் முதலாவது அறக் கேள்வி இதுதான். வெளியேறும்படி அறிவிப்பு வந்தால் நோயாளரைத் தூக்கிக்கொண்டு போவதா? அலைச்சல் அவரைக் கொன்றுவிடும் என்று அஞ்சி வீட்டிலேயே இருப்பதா?

வசதியும் வாகனமும் நிறைந்த அமெரிக்காவிலேயே இக்கேள்விக்கு எளிதில் விடை கிடைக்கவில்லை. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி கத்ரினா சூறாவளி லூசியானா மாநிலத்தைத் தாக்கியது. அம்மாநிலத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அங்கே நியூ ஓர்லியன்ஸ் நகருக்கு அருகே இருந்த முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றின் உரிமையாளர்கள், நலிந்தவர்களை நெடுந்தூரம் கொண்டுபோனால் வழியிலேயே சிலர் இறந்துவிடுவர் எனக் கருதி, வெளியேறாமல் இருந்தார்கள். வெள்ளம் புகுந்தது. 35 முதியவர்கள் மாண்டார்கள். உரிமையாளர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2007ஆம் ஆண்டில் அவர்கள் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டார்கள்.

கத்ரினா வந்து ஒரு மாதம் ஆகுமுன்னரே றீற்றா என்னும் அடுத்த சூறாவளி ரெக்சாஸ் மாநிலத்தை நெருங்கியது. இம்முறை யாவரும் அஞ்சி வெளியேறினார்கள். முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து நோயாளரை ஏற்றிச் சென்ற பேருந்து டலஸ் நகருக்கு அருகே வீதியிலே தீப்பற்றியது. அவர்கள் சுவாசிப்பதற்காகக் கொண்டுசென்ற ஒட்சிசன் கொள்கலன்கள் வெடித்தன. 23 பேர் இறந்தார்கள்.

இருந்தவர்களும் இறந்தார்கள், போனவர்களும் இறந்தார்கள். அப்படியானால் எது சரி? கடுமையான மறதிநோயுள்ள முதியோர் சூறாவளிக்காக இடம்பெயர்க்கப்பட்ட பின்னர் அவர்களிடையே இறப்பு அதிகரிப்பதாகப் பிற்கால ஆய்வுகளும் கூறுகின்றன. அதற்காக, வெள்ளம் வரும் என்று தெரிந்த இடத்திலே அவர்களைக் கிடத்தி வைக்கவும் இயலாது.

இதற்கு விடை மூன்றாவது நிகழ்ச்சியிலிருந்து கிடைக்கின்றது. 2017ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இர்மா சூறாவளி புளோரிடாவைக் கடந்தது. ஹொலிவூட் என்னும் நகரிலிருந்த பராமரிப்பு இல்லமொன்றின் கட்டடம் காற்றுக்குத் தப்பி நின்றது. ஆனால் குளிரூட்டும் சாதனத்துக்கான மின்சாரம் நின்றுபோனது. நாட்கள் கடந்தன, உள்ளே வெப்பம் ஏறியது, 12 பேரின் மரணத்துக்கு அது காரணமாயிற்று. வீதிக்கு அப்பால் எதிரிலேயே ஒரு பெரிய வைத்தியசாலை இயங்கிக்கொண்டிருந்தது. இதன் பின்னரே, 2018ஆம் ஆண்டில், இத்தகைய இல்லங்கள் மாற்று மின்சார ஏற்பாடு வைத்திருக்க வேண்டுமென அம்மாநிலம் சட்டமாக்கியது.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ‘போவதா, இருப்பதா’ என்பது காற்று வீசும் இரவிலே கேட்கப்பட வேண்டிய கேள்வி அன்று. அந்த இரவிலே எந்த விடையும் பிழையாகிப் போகலாம். வானம் தெளிந்திருக்கும்போது, எந்த வீட்டுக் கூரை தாங்கும், எந்த வளவிலே வெள்ளம் ஏறும், யார் வருவார், எந்த வாகனம், எந்தப் பாதை, எந்த இடம் என்பவற்றைக் கேட்டு முடிவு செய்திருந்தால், அந்த இரவிலே செய்ய வேண்டியது செயல் மாத்திரமே. ஆகவே ஆயத்தம் என்பது அறத்துக்குப் புறம்பான வெறும் வீட்டு வேலை அன்று. அந்த இரவின் அறம் முழுவதும் முன்கூட்டிய ஆயத்தத்திலேயே அடங்கியிருக்கின்றது.

பொய் சொல்லலாமா?

அடுத்த கேள்வி இதனிலும் நுட்பமானது. ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தாய்க்கு எண்பது வயது கடந்துவிட்டது; நினைவு தவறிவிட்டது. மகள் தனியே பார்த்து வருகின்றாள். வாவியிலே நீர் ஏறுகின்றது. “வாங்க அம்மா, புயல் வருதாம், போவம்” என்கிறாள் மகள். “என்ட வீட்ட விட்டு நான் எங்கயும் வரமாட்டன் மகள்” என்கிறாள் தாய். மகள் விளங்கப்படுத்துகின்றாள். தாய்க்கு அச்சம் மாத்திரமே கூடுகின்றது. கதவைப் பிடித்துக்கொண்டு அழுகின்றாள். கடைசியிலே மகள், “கோயில்ல பூசைக்கு மணி அடிச்சிட்டாங்க அம்மா, போய்க் கும்பிட்டிட்டு வருவம்” என்கிறாள். தாய் எழுந்து, திருநீற்றைப் பூசிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துப் புறப்படுகின்றாள்.

மகள் சொன்னது பொய்யா? வாய்மையை உயிரினும் மேலாகப் போற்றும் சமயத்திலே இதற்கு இடமுண்டா? வள்ளுவர் வாய்மைக்கு வகுத்த இலக்கணம், பிறருக்குத் தீங்கு விளைக்காத சொல் என்பதேயாகும். குற்றமற்ற நன்மை தரும் இடத்திலே பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் அவர் இசைந்திருக்கின்றார். எனினும் இந்த அனுமதியை அளவின்றிப் பயன்படுத்தலாகாது. பராமரிப்பவரின் வசதிக்காகச் சொல்லப்படும் பொய் வேறு. நோயாளரின் அச்சத்தைத் தணிக்கச் சொல்லப்படும் சொல் வேறு. நினைவு தவறியவர் நாளை மறந்துவிடுவார் என்பதற்காக எதையும் சொல்லலாம் என்று எண்ணுவது, அவரை மனிதராக மதியாமையாகும்.

இங்கே ஆலயத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கோயிலுக்குப் போவோம் என்று அழைத்துவந்த தாய்க்கு, உண்மையிலேயே ஆலயத்தின் மடத்திலோ மண்டபத்திலோ ஒரு பாயும், ஒரு விளக்கும், ஒரு நெற்றித் திருநீறும் காத்திருக்குமானால், மகள் சொன்னது பொய்யாகாது. அவள் வாக்கை மெய்யாக்குவதும் பொய்யாக்குவதும் ஆலயத்தின் கையிலேதான் இருக்கின்றது.

கேட்டுச் செய்தல்

நினைவு தவறியவர் வேறு. உடல் வலுவிழந்தவர் வேறு. இருவரையும் ஒன்றாக எண்ணி, நடக்க முடியாதவரிடமும் எதையும் கேளாமல் மூட்டையைப் போலத் தூக்கி ஏற்றுவது பலரிடம் காணப்படும் பிழை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தம்மை எப்படித் தூக்கினால் நோகாது என்பது தெரியும். கண் தெரியாதவருக்குத் தம் கையைப் பிடித்து இழுப்பதைவிட, வழிகாட்டுபவரின் முழங்கையைத் தாம் பிடித்துக்கொண்டு நடப்பதே வசதி. காது கேளாதவருக்கு முகத்தைப் பார்த்து வாயசைத்துச் சொல்ல வேண்டும்; இருட்டிலே டோர்ச் வெளிச்சத்தைச் சொல்பவர் தம் முகத்திலே பிடிக்க வேண்டும். இவற்றை அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டறிதல் வேண்டும்.

தண்டியடிகள் நாயனாரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. பிறவியிலேயே கண் தெரியாத அவர் திருவாரூர்க் குளத்தைத் தோண்டுவதற்குத் தறி நட்டு, கயிறு கட்டி, அதனைத் தடவித் தடவி மண் சுமந்தார். அவருக்குத் தேவைப்பட்டது இரக்கம் அன்று, ஒரு கயிறு. வலுவிழந்தவருக்குச் சமூகம் கட்டிக்கொடுக்க வேண்டியதும் அத்தகைய கயிறே. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளை இந்நாட்டிலே பாதுகாக்கின்றது. 2016ஆம் ஆண்டில் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 11ஆம் உறுப்புரை, அனர்த்த வேளையில் அவர்களைக் காப்பது அரசின் கடமை என்கின்றது. சட்டம் செய்வதைச் சட்டம் செய்யட்டும். அயலவர் செய்ய வேண்டியதை அயலவரே செய்ய வேண்டும்.

தியாகம் என்னும் சொல்

மூன்றாவது கேள்வி பராமரிப்பவரைப் பற்றியது. நோயாளர் வர மறுத்தால், அல்லது தூக்கிச் செல்ல ஆள் இல்லாவிட்டால், மகள் தாயை விட்டுப் போகலாமா? போனால் ஊர் பழிக்கும். போகாமல் இருந்து இருவரும் மாண்டால் ஊர் புகழும். ‘தாய்க்காக உயிர் கொடுத்த தெய்வம்’ என்று கண்ணீர் அஞ்சலி அச்சிடும்.

இந்தப் புகழ்ச்சியைச் சற்று ஆராய வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கக்கூடிய ஒருவரை, ஒரு மகளின் தலையிலே தனியே சுமத்திவிட்டு, அவள் அச்சுமையோடு அமிழ்ந்த பின்னர் அவளைத் தெய்வம் என்று போற்றுவது மலிவான காரியம். தியாகம் என்பது ஒருவர் தாமாக மனமுவந்து செய்வது. வேறு வழியில்லாமல் நேர்வது தியாகமாகாது. அது கைவிடப்பட்டமையின் மறுபெயர். இரவும் பகலும் நித்திரையின்றி நோயாளரைப் பார்க்கும் மகளும், மனைவியும், சில வீடுகளிலே பாடசாலை செல்லும் பேரப்பிள்ளையும் ஊரின் கண்ணிலே படுவதில்லை. கோயிலுக்கு வருவது குறைந்துவிட்டது என்று அவர்களைக் குறை கூறுவோர் உளர். ஏன் வரவில்லை என்று படலை திறந்து பார்ப்போர் குறைவு.

ஆகவே ‘மகள் போகலாமா, இருக்கலாமா’ என்று கேட்பதே தவறு. அவள் அப்படியொரு தெரிவுக்கு முன்னால் தள்ளப்படாமல் இருப்பதற்கு ஊர் என்ன செய்தது என்பதே சரியான கேள்வி. பராமரிப்பவரின் உயிரும் ஓர் உயிர். அவர் விழுந்துவிட்டால் அவரை நம்பியிருப்பவரும் விழுந்துவிடுவார்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வங்கக் கடலிலே சூறாவளிகள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே உருவாகின்றன. எனவே நவராத்திரி முடிவதற்குள் வீட்டு ஆயத்தம் முடிந்திருக்க வேண்டும். ஆயுத பூசையன்று கத்தியையும் மண்வெட்டியையும் துடைத்து வைப்பதுபோல, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கேட்கும் கருவி, டோர்ச், வானொலி ஆகியவற்றையும் துடைத்துப் பழுது பார்த்து வைத்தால் அதுவும் பூசையே.

ஒரு பை எப்போதும் கட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கான மருந்து, கிளினிக் கொப்பியினதும் அடையாள அட்டையினதும் பிரதிகள், மாற்றுடை, பம்பஸ், மூக்குக் கண்ணாடி, பொய்ப்பல், ஜீவனிப் பைக்கற்றுகள், மெல்லக் கடினமில்லாத உணவு ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பொலித்தீனிலே சுற்றி வைக்க வேண்டும். இன்சுலின் பாவிப்பவருக்கு மின்சாரம் நின்றால் அதைக் குளிர்மையாக வைக்க ஒரு மண்பானை உதவும். ஒட்சிசன் இயந்திரம் போன்ற மின்கருவிகளை நம்பியிருப்பவர்களைக் காற்று எழுவதற்கு முன்னரே வைத்தியசாலையில் சேர்ப்பது பற்றி வைத்தியரிடம் கேட்டு வைக்க வேண்டும். நினைவு தவறியவரின் உடுப்பின் உட்புறத்திலே பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துணியைத் தைத்து விடலாம். அண்மையில் எடுத்த அவருடைய படம் ஒன்று பையில் இருந்தால், வழி தவறினால் தேட உதவும். பழகிய தலையணை உறை, திருநீற்றுச் சம்புடம், தினமும் கேட்கும் தேவாரப் பாட்டு ஆகியவை மருந்துக்கு நிகரானவை.

இடம்பெயர்வதானால் பொழுது படுமுன்னரே புறப்பட வேண்டும். சூறாவளியின் கண் கடக்கும்போது காற்று திடீரென ஓய்ந்து விடும். முடிந்துவிட்டது என்று எண்ணி வெளியே இறங்குபவரை, சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து வரும் காற்று அடித்து வீழ்த்தும். அந்த ஓய்விலேதான் நினைவு தவறியவர் கதவைத் திறந்து நடக்கத் தொடங்குவார். ஆகவே கதவருகே ஒருவர் இருத்தல் வேண்டும். தங்குமிடத்திலே சனநெருக்கம் குறைந்த மூலையைத் தெரிந்து, ஒரே முகம் அவர் பக்கத்தில் இருக்கும்படி பார்க்க வேண்டும். மின்பிறப்பாக்கியை ஒருபோதும் வீட்டுக்குள் இயக்கலாகாது. அதன் புகை மணமின்றிக் கொல்லும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்கள் சுவரிலே பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆலயத்தின் கடமை

இவையெல்லாம் வீட்டாரால் செய்யக்கூடியவை. தூக்குவதற்குத் தோள் வேண்டும். அது வீட்டிலே இல்லாவிட்டால் எங்கிருந்து வரும்?

ஒவ்வொரு திருவிழாவிலும் சுவாமி காவுவதற்கு இளைஞர்கள் போட்டியிட்டு முன்வருகின்றார்கள். எந்தப் பக்கம் யார், எந்த இடத்திலே தோள் மாற்றுவது என்பதெல்லாம் முன்னரே ஒழுங்கு செய்யப்படுகின்றது. அதே ஒழுங்கு இங்கும் வேண்டும். எழுந்து நடக்க முடியாத ஒவ்வொருவருக்கும் அயலிலே நான்கு பெயர்கள் குறிக்கப்பட வேண்டும். அந்நால்வரும் வருடத்துக்கு ஒரு தடவையேனும் அவ்வீட்டுக்குப் போய், அவரோடு பேசி, கதிரையில் இருத்தித் தூக்கிப் பழக வேண்டும். முன்பின் அறியாத நால்வர் இருட்டிலே வந்து தூக்கினால் நினைவு தவறியவர் கள்வர் என்று எண்ணிக் கூக்குரலிடுவார். பழகிய முகமானால் கை கொடுப்பார். திருநாவுக்கரசர் முதிர்ந்த வயதிலே கூட்டத்தோடு கூட்டமாக மறைந்து திருஞானசம்பந்தரின் சிவிகையைக் காவியதைச் சைவ உலகம் பெருமையாகப் பேசுகின்றது. காவுதல் இழிவன்று, அது தொண்டு.

பதிவேடு ஒன்றும் வேண்டும். அதை அறிவித்தற் பலகையிலே ஒட்டலாகாது. வீட்டிலே நோயாளர் இருப்பதை மறைத்து வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களின் கூச்சத்தை ஊர்ப்பேச்சுக்கு இரையாக்குவது பாவம். வண்ணக்கர், பரிபாலன சபைச் செயலாளர், கிராம உத்தியோகத்தர் ஆகியோரின் கையில் மாத்திரம் அது இருக்கட்டும். ஒவ்வோராண்டும் புதுக்கப்படாத பதிவேடு, பாண்டியனின் கணக்கைப் போன்றதே.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மலசலம் கட்டுப்படாத ஒருவரை ஆலய வளவுக்குள் தங்க வைக்கலாமா, துடக்கு ஆகாதா, சக்கர நாற்காலியின் சில்லு உள்ளே வரலாமா என்று கேட்போர் உண்டு. ஆகமம் வகுத்த உள்வீதியின் புனிதம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் அன்னதான மடமும் கலியாண மண்டபமும் கர்ப்பக்கிருகம் அல்ல. அவற்றிலே ஒரு சாய்தளமும், நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு மலசலகூடமும், மறைப்புக் கட்டிய ஓர் அறையும் அமைப்பதற்கு எந்த ஆகமமும் தடையில்லை. இராசகோபுரத்துக்கு வர்ணம் பூசும் செலவிலே சிறு பங்கு இதற்குப் போதும். இச்செலவு அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே இடம்பெறுமா என்பதிலேதான் இக்கட்டுரையின் பயன் தங்கியிருக்கின்றது.

‘விதித்தபடி நடக்கும், நாம் என்ன செய்ய முடியும்’ என்று கூறுவோருக்கும் ஒரு சொல். ஊழின் வலிமையைப் பாடிய வள்ளுவரே ஆள்வினையுடைமையையும் பாடினார். விதியை ஒருவர் தமது துன்பத்தைத் தாங்குவதற்குத் துணையாகக் கொள்ளலாம். பிறருடைய துன்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சாட்டாகக் கொள்ளலாகாது.

முதுகில் விழுந்த அடி

வந்தியின் கதைக்கு மீண்டும் வருவோம். கூலியாளாக வந்த இறைவன் தன் பங்குக் கரையை அடைக்காமல் ஆடியும் உறங்கியும் பொழுதைப் போக்கினான். பாண்டியன் சினந்து பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், மதுரை மாந்தர் யாவர் முதுகிலும், எல்லா உயிர்களின் மேலும் விழுந்தது. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பது அதற்குப் பெரியோர் கூறும் பொருள். அதனோடு இன்னொரு பொருளையும் கொள்ளலாம். ஆளில்லாத ஒரு கிழவியின் பங்குக் கரையை அடைக்க மதுரையிலே ஒருவரும் முன்வரவில்லை. அவள் பங்கு அடைபடாமற் கிடந்தால் வெள்ளம் அவள் குடிசைக்குள் மாத்திரம் புகப்போவதில்லை. எல்லோர் வீட்டுக்குள்ளும் புகும். ஆகவே அடியும் எல்லோருக்கும் விழுந்தது.

அடுத்த கார்த்திகைக்கு முன், ஒவ்வொருவரும் தம் வீட்டுப் படலையிலிருந்து இடப்பக்கம் ஒரு வீட்டையும் வலப்பக்கம் ஒரு வீட்டையும் போய்ப் பார்த்து வந்தாற் போதும். உள்ளே யார் இருக்கின்றார், அவரை யார் தூக்குவார் என்று கேட்டு வந்தாற் போதும். அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்ட ஊரிலே, எம்பெருமான் மண் சுமக்க வர வேண்டிய அவசியம் நேராது.

எல்லாம் வல்ல இறைவன் இக்கிராமத்து மக்கள் யாவருக்கும், அவருள்ளும் எழ முடியாதவர்க்கும், அவரை ஏந்தி நிற்பவர்க்கும் திருவருள் புரிவானாக.

சுபம்.